எழுபத்தொன்று

கொருக்குப்பேட்டை, இரண்டாம் மாடி.
கோதுமை வயலை நான் பார்த்ததே இல்லை.
எங்கோ வடக்கில் முளைத்த ஆயிரத்து இருநூறு வரிசைகள்
என் மடிக்கணினியில் எண்களாய் நிற்கின்றன.

கிடைத்த விதை ஆளுக்கொரு பிடி.
அதனால் ஒரே வரிசை, ஒரே வாய்ப்பு.
பத்துக்கு ஒன்றாய் ஊன்றிய பழைய ரகம்
மண்ணைப் பற்றி மட்டும் சாட்சி சொல்லும்.

417 நல்ல கனம்.
வரைபடத்தைத் திறந்தால், வாய்க்காலை ஒட்டி நிற்கிறது.
இரண்டு பக்கத்திலும் அண்டை வரிசைகள் கொழுத்திருக்கின்றன.
சராசரியை நோக்கி இழுத்தேன்.
பெருமையில் மூன்றில் ஒன்றுதான் அதன் சொந்தம்.

கீழே தண்ணி லாரி ஹாரன்.
ஸ்டெல்லா அக்கா குடம்தான் எப்பவும் முதலில் நிரம்பும்.
லாரி நிற்பது அவங்க வாசலில்.
நான் பதினாலாவது ஆள்,
அரைக் குடத்தோடு படியேறினேன்.

902: உவர் பூத்த மூலை,
பார்த்த மாத்திரத்தில் சுமார்.
அக்கம்பக்கத்தைக் கழித்ததும்
மளமளவென ஏறி எழுபதில் நின்றது.

அடுத்த பருவத்தில் எழுபதுக்குத்தான் நிலம்.
எழுபத்தொன்றைப் பார்க்கக் கூடாது என்றிருந்தேன்.
பார்த்தேன். 417.
இரண்டுக்கும் இடைவெளி
என் பிழையைவிடச் சின்னது.

கரண்ட் போவதற்குள்
பட்டியலை அனுப்பிவிட்டேன்.