ஒன்றுக்கு இருநூறு

பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி
மூன்றரை ஏக்கர் புறம்போக்கு.
ஒன்பது மணிக்கே வெயில் வந்து
வரைபடத்தின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது.
நாங்கள் நான்கு பேர், ஒரு குடை.
அருங்காட்சியகம் வரப்போகிறதென்று
ஊரில் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.
ஆனாலும் ஓர் இளநீர் வண்டி வந்து நின்றுவிட்டது.

முனிரத்தினம் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்.
குனிந்தபடியே நடந்து
ஒரு சுவரைத் தரையில் கிடத்திவிட்டு நிமிர்கிறார்.
ஆடுகள் அதை மிதித்துக் கடக்கின்றன.
மூன்றாவது ஆடு மட்டும்
வாசலுக்கு விட்ட இடைவெளியில் நுழைந்தது.
நோட்டில் குறித்துக்கொண்டேன்.

துறையிலிருந்து பொருட்களின் பட்டியல் வரவில்லை.
எத்தனை செப்பேடு, எத்தனை தாழி,
தோல் ஊறவைத்த பழைய பீப்பாய் உண்டா இல்லையா.
'சுமாராப் போட்டு வைங்க' என்கிறது தொலைபேசி.
ஒரு தாழியைச் சுமாராக எப்படி வரைவது?
உள்ளே கால் மடக்கி இருந்தவருக்கு
எத்தனை அடி மரியாதை விட்டு
பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிறுத்துவது?
இல்லாதவற்றுக்கு இடம் ஒதுக்கத்தான்
இந்த மாதம் எனக்குச் சம்பளம்.

'ஆறு தெரிய வடக்கே ஒரு ஜன்னல்' என்றேன்.
மின்பொறியாளர் ஹயாத் பாஷா துண்டால் கழுத்தைத் துடைத்தார்.
'வேலூர் வெயிலுக்கு ஜன்னல் வெச்சா
ஐம்பொன் சிலைக்கே வேர்க்கும் மேடம்.
ஆத்துல என்னா தெரியும்? மணல்.
அதையும் அள்ளினு போயிட்டாங்க.'
ஆனால் மின்கம்பத்தில் ஒரு செம்மண் கறை,
என் தோளுயரத்துக்கு.
ஏதோ ஒரு கார்த்திகையில்
பாலாறு வந்து கையெழுத்திட்டுப் போயிருக்கிறது.
தளமட்டம் அதற்கு மேல் இரண்டடி என்று முடிவாயிற்று.
அந்தக் கம்பத்தை எடுக்க வேண்டாம் என்றும் எழுதினேன்.
யாரும் படிக்கமாட்டார்கள்.

வடமேற்கு மூலையில் நடுகல்.
பட்டியல் இல்லாமல் வந்து சேர்ந்த ஒரே பொருள்.
இடுப்புவரை புதைந்தவன், வில் வளைத்திருக்கிறான்.
அருகே இரண்டு மாடுகள்,
கவர்ந்தவையா மீட்டவையா தெரியவில்லை;
அதைச் சொல்லும் வரி மண்ணுக்குள்.
முதல் வரைவில் அவனைப் பெயர்த்து
கூடம் ஒன்றில் நிறுத்தியிருந்தேன்,
கூரையிலிருந்து ஒரு கற்றை வெளிச்சம் விழ.
கணினியில் அழகாகத்தான் இருந்தான்.

அடுத்த செவ்வாய், வெயிலை முந்த
ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டோம்.
எங்களுக்கும் முன்னால் தேசம்மாள்.
கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டை,
எவர்சில்வர் கிண்ணத்தில் மஞ்சள்.
'வேடியப்பன்' என்றாள், அறிமுகப்படுத்துவதுபோல்.
நான் திட்டத்தைச் சொன்னேன்.
கண்ணாடி, விளக்கு, பெயர்ப்பலகை.
எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு
ஒன்றுதான் கேட்டாள்:
'எத்தினி மணிக்குத் தொறப்பீங்க?
எனுக்கு ஆறரைக்கு கம்பெனி பஸ்ஸு.'

பத்து மணி என்றேன்.

அவள் சண்டை போடவில்லை.
மஞ்சளைத் தேய்த்து முடித்தாள், குங்குமம் வைத்தாள்,
கற்பூரம் அணையும்வரை நின்றாள்.
போகும்போது புடவையைச் சற்றே தூக்கி
சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் தாண்டினாள்.
அங்கே சுவர் இருப்பதாக
நம்பிய முதல் ஆள்.

இரவு, காட்பாடி விடுதியறையில்
மின்விசிறி தாளைத் தூக்கத் தூக்க
நான்கு மூலையிலும் செருப்பு, சீப்பு,
கைபேசி, தண்ணீர்ப் பாட்டில் வைத்து வரைந்தேன்.
மேற்குச் சுவர் நேராக வந்து
நடுகல்லருகே உள்ளே மடங்கி
அவனை வெளியே விட்டுவிட்டு
மீண்டும் நேராகிறது.
கூடம் ஒன்று காலி.

கமிட்டி கேட்கும், சுவர் ஏன் நெளிகிறதென்று.
'நிலச்சரிவு மட்டம் காரணமாக' என்று குறிப்பெழுதினேன்.
நிலம் அங்கே பலகைபோல் கிடக்கிறது.
மட்டம் பார்த்த முனிரத்தினத்துக்குத் தெரியும்.

ஒன்றுக்கு இருநூறு அளவில்
அந்த மடங்கல் ஒரு கட்டைவிரல் நகம்.
ஒருத்தி கிண்ணத்தோடு நின்று
பஸ்ஸுக்குத் திரும்பி ஓடப் போதும்.