பொறுதி

முதலில் கதவென்றுதான் நினைத்தோம்.
குலேந்திரன் படுக்கையறைக் கீலுக்கு
இரண்டு தரம் எண்ணெய் விட்டார்.
மூன்றாம் இரவு
கதவு அசையாமல் கிடக்க
நான் புரண்டேன்:
கிறீச்.

எட்டு வருடம் வாய் திறக்காத இடுப்பு.
பீங்கான் பந்து, பீங்கான் கிண்ணம்,
தொடையெலும்புக்குள் டைட்டானியத் தண்டு.
ஆயுசுக்கும் போதும் என்றுதான் வைத்தார்கள்.
ஆருடைய ஆயுசு என்று
நான் கேட்கவில்லை.

பீல் நகரத்தில் இது வெட்கம்.
தெருவுக்கு இரண்டு மொழியில் பெயர் எழுதி
இரண்டு மொழியிலும் மணிக்கூடு செய்கிற ஊர்.
இருபத்தொரு வருடமாக என் வேலை
கண்ணில் லூப்பை இடுக்கிக்கொண்டு
பற்சக்கரங்களில் பிழை தேடுவது.
நாலு மைக்ரான் வரை மன்னிப்பு உண்டு.
இவர்கள் அதற்கு வைத்த பெயரை
மனசுக்குள் நான் பொறுதி என்று மாற்றிக்கொண்டேன்.
அதற்கு மேலே போனால் சிவப்புத் தட்டு.

காப்பி மெஷினுக்கு எழும்பிப் போனால்
திரும்பாமலே "நீயா" என்பாள் மிரேய்.
கோயிலில் இரண்டாம் சுற்றில்
ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு
மணியை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார்.

டொக்டர் ஏபிஷர் எக்ஸ்ரேயைப் பெரிதாக்கினார்.
சிலருக்கு இப்படிச் சத்தம் வரும்,
வலி இல்லாதவரை பார்த்துக்கொண்டிருக்கலாம்.
பார்த்துக்கொண்டிருந்தோம்.
கேட்டுக்கொண்டும்.

மாசியில் ஒரு வியாழன்.
விழவில்லை, வழுக்கவில்லை,
வெளியே பனிகூட இல்லை.
கீழ் லாச்சியில் ஒரு பெட்டி எடுக்கக் குனிந்தேன்.
டக்.
பென்சில் முறிகிற அளவுதான்.
நிமிர்ந்து நாலடி வைத்தேன். கிறீச் இல்லை.
சத்தியமாய், ஒரு கணம்
சந்தோஷப்பட்டேன்.
ஐந்தாவது அடியில்
இடுப்புக்குள் யாரோ மணலை மென்றார்கள்.

மாற்றி வைத்ததை மாற்றுவது
முதல் தரம் மாதிரி இல்லை என்றார் ஏபிஷர்.
ஐந்து மணித்தியாலம்.
பந்து பதினொரு துண்டு,
தூள் கணக்கில் இல்லை.
அரிசியில் கல் பொறுக்குவதை அவர் கண்டிருக்க மாட்டார்;
ஆனாலும் விளக்கும்போது
அவருடைய கட்டைவிரலும் சுட்டுவிரலும்
சரியாக அதையே செய்தன.
தண்டு எலும்போடு ஒட்டி வளர்ந்துவிட்டதாம்.
ஒரு பழுதும் இல்லாத அதுதான்
வர மாட்டேன் என்றது.
தொடையெலும்பை நெடுக்காய்ப் பிளந்து
உருவி எடுத்து
விறகுக்கட்டு மாதிரி
மூன்று சுற்றுக் கம்பி கட்டியிருக்கிறார்கள்.

அதெல்லாம் எனக்கு வேண்டும் என்றேன்.
ஒரு தாளில் கையெழுத்து.
மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளே என் ஒன்பது வருடம்.

வீட்டில் ஊன்றுகோல்களை மேசையில் சாத்திவிட்டு
லூப்பை எடுத்தேன்.
பெரிய துண்டில், கண்ணாடி மினுக்கத்தின் நடுவே
மங்கலாய் ஒரு பட்டை,
வெட்டியெறிந்த நகத்தின் வளைவில்.
கிண்ணத்தின் விளிம்பு உரசிய இடம்.
பொருள் நல்ல பொருள். பந்து செய்தவரை
என் தட்டில் நான் பாஸ் பண்ணியிருப்பேன்.
கிண்ணம்தான் கொஞ்சம் செங்குத்தாய் உட்கார்ந்திருக்கிறது.
எத்தனை பாகை, ஆர் கை,
அன்றைக்கு அவர் நித்திரை கொண்டவரா,
அது லூப்பில் தெரியாது.

"எறியன் அதை" என்றார் குலேந்திரன்.
ஊசிநூல் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஆனியில் திரும்பவும் வேலை.
முதல் தட்டில் ஒரு சக்கரம்
மூன்றே முக்கால் மைக்ரான்.
எல்லைக்குள். விதிப்படி நல்லது.
இடுக்கியில் பிடித்தபடி
வழக்கத்தைவிடக் கனநேரம் வைத்திருந்தேன்.

மிரேய் நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டாள்.
நீ எப்போது வந்தாய், என்றாள்,
சத்தமே இல்லையே.