ஹம்பர்க், மூன்று இரவு

மியூனிக் என்றால் இங்கே முழங்கால்.
ஜூன் பிறந்தால் சோஹாரிலிருந்து
சக்கர நாற்காலிக்குக் குறிப்பெழுதி
குடும்பம் குடும்பமாய் ஏற்றிவிடுவேன்.
ஃபிராங்க்பர்ட் இரண்டு மணி நேரக் காத்திருப்பு.
கொலோன் எனக்குக் காய்ச்சல் வாசனை,
நெற்றியில் போட்ட ஈரத்துணி.
பெர்லினை விளக்கவே வேண்டாம்,
முதலாளி சக்கரியா சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்.
ஏசி சொட்டி ஒரு மூலை உப்பிவிட்டது.

ஹம்பர்க் கேட்டு ஒருவர் வந்தது
பதினோரு வருஷத்தில் அதுதான் முதல்தடவை.

கஸ்பார் கொரேரா. தூத்துக்குடி.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.
நாற்பது மீட்டர் உயரம், கண்ணாடித் தரை,
ரெண்டு காலுக்கும் நடுவில கடல் என்றார்
பக்கத்துக் கடையைச் சொல்வதுபோல.
குனிந்தே பழகிய கழுத்து.
என்னோடு பேசும்போதும்
என் மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க எனக்கு யாருமில்ல மேடம்.
செவப்புப் பெட்டி மேல அந்தப் பேரு எழுதியிருக்கும்.
அது கம்பெனி பேரு, பெட்டி போறது
முந்த்ராவுக்கோ மொம்பாசாவுக்கோன்னு சிரிக்கிறாங்க.
ஒண்ணு ரெண்டாவது அந்த ஊருக்குப் போகும்ல?
இங்க நான் ஏத்துறேன்.
அங்க ஒருத்தன் இறக்குவான்ல?"

பயண நோக்கம் என்றொரு கட்டம் படிவத்தில்.
இறக்குகிறவனைப் பார்க்க என்று எழுத முடியாது.
சுற்றுலா என்று தட்டினேன்.
முதல் நாள் ஏரி. இரண்டாம் நாள் செங்கல் கிடங்குத் தெரு.
மூன்றாம் நாள் பொம்மை ரயில் கண்காட்சி.
யாருடைய விண்ணப்பத்திலும் பொருந்தும் மூன்று நாள்.
சம்பளச் சான்றிதழில் முத்திரை சாய்ந்திருந்தது,
திருப்பி அனுப்பி வேறு வாங்கினேன்.

ஏன் பெர்லின் இல்லை என்று கேட்டார்களாம் மஸ்கட்டில்.
"அங்க கடல் இல்ல சார்" என்றாராம்.
விசா வந்துவிட்டது.

அக்டோபரில் திரும்பி வந்தார்
ஒரு பொட்டலம் கறுப்பு மிட்டாயோடு.
உப்புக் கரித்தது. சக்கரியா
குப்பைத்தொட்டியைத் தேடி ஓடினார்.

ஏரி பார்க்கவில்லை. பொம்மை ரயில் பார்க்கவில்லை.
பஸ் மாதிரி ஓடும் ஒரு படகுக்கு
நாள் முழுக்கச் செல்லும் சீட்டு வாங்கி
அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்திருக்கிறார்
காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு.

கடைசி நாள் சின்னப் படகில் உள்ளே போனார்களாம்.
"படகுக்காரர் ஜெர்மன்ல ஏதோ சொன்னார்,
எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்.
அப்பதான் பாத்தேன் மேடம்.
பெட்டி இறங்குது, கீழ வண்டி வந்து வாங்கிக்குது.
வண்டியில கேபின் இல்ல.
தலையில்லா முண்டம்.
ஆனா எதிர்ல இன்னொரு முண்டம் வந்தா
என்ன மரியாதையா நின்னு வழிவிடுது!"

அவர் வாயை மூடிக்கொண்டார்.
போன் அடித்தது. யாருக்கோ கோழிக்கோடு, ஒருவழி.
விலை சொல்லி வைத்தேன்.

"மேல கிரேன்ல?" என்று நான்தான் கேட்டேன்.

"கண்ணாடிக்குப் பின்னால யாரோ இருந்தாப்ல இருந்துச்சு.
கையைக் காட்டினேன்."

"அவர்?"

"தெரியல மேடம். வைப்பர் ஓடுச்சு.
ரெண்டு தடவை."
பிறகு முதன்முதலாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்,
"மழை விட்டிருந்துச்சு அப்ப."

பிரெமன் பக்கத்தில் இன்னொரு துறைமுகம் இருக்காமே,
அடுத்த வருஷத்துக்கு எவ்வளவு ஆகும் என்று
கேட்டுவிட்டு, ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

கடை சாத்த ஒன்பதரை.
வண்டியில் உட்கார்ந்ததும் தூரத்தில் கிரேன் விளக்குகள்.
ஐந்தா, ஆறா, அவருடையது எதுவென்று தெரியாது.
சோஹாரில் மழை பெய்து ஏழு மாதம்.
வைப்பரைத் தட்டினேன்.
வறண்ட ரப்பர் கிறீச்சிட்டது,
கண்ணாடியில் புழுதி
வில்லாய் விலகியது.