ஐந்தாவது சாவு

கசோன்டேயும் முவிலாவும் எடுத்த படங்களில்
நான்கு முறை செத்திருக்கிறேன்.
ஒருமுறை குண்டடி,
ஒருமுறை கள்ளச்சாராயம்,
ஒருமுறை பேய் அடித்து,
ஒருமுறை எதனால் என்று அவர்களுக்கே தெரியாது.
கதையில் அதற்குமேல் எனக்கு வேலையில்லை, அவ்வளவுதான்.
கூலி: சோளக்களி, பொரித்த கபெண்ட்டா மீன்,
கடைசியில் ஓடும் பட்டியலில்
ஒரு ‘ஸ்’ தொலைந்த ஃபெலிஸ்டஸ்.

கிட்வேயில் எங்கள் தெருவுக்கு
மின்சாரம் இரவு ஒரு மணிக்கு வரும்.
ஐந்துக்குள் போய்விடும்.
அந்த நான்கு மணி நேரம்
என் சலூனின் பின்னறையில்
மெத்தைகள் சுவரோடு எழுந்து நிற்கும்,
மைக்கின் முகத்தில் என் பழைய காலுறை.
அண்ணன் பாடுவான்.
பெம்பாவில் புறப்பட்ட வரி
ஆங்கிலத்துக்குள் போய்த் திரும்ப இடமில்லாமல்
சரக்கு லாரி போலப் பின்னாலேயே வந்து
பெம்பாவில் இடித்து நிற்கும்.
நாய் குரைத்தால் மறுபடி முதலிலிருந்து.
ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து
நாயையும் பாட்டில் சேர்த்துவிட்டான் தம்பி.

அப்படி அவன் கட்டிய ஒரு பீட்டை
கோழித்தீவனக் கம்பெனிக்கு விற்றுவிட்டான் கசோன்டே.
ஆயிரத்து இருநூறு குவாச்சா.
சொல்லவில்லை.
முவிலா அதைக் கேட்டது மினிபஸ்ஸில்,
இரண்டு ஆள் மடியில் ஒரு ஆளாக உட்கார்ந்து,
ரேடியோவில்,
ஒரு சேவல் கூவி முடித்த கையோடு.

பேச்சு நின்றது. படம் நிற்கவில்லை.
“வெளிச்சம் போகுதுன்னு அவன்கிட்ட சொல்லு.”
“எனக்கும் கண் இருக்குன்னு அவன்கிட்ட சொல்லு.”
மூன்றடி தூரத்துக்கு நான் தபால்காரி.
இரண்டு மாதம்.

பிறகு ஒரே ராத்திரியில்
முவிலா கதையை மாற்றி எழுதினான்.
கடைசிவரை வாழ வேண்டிய அண்ணன்
மூன்றாம் காட்சியிலேயே செத்தான்.
துணைக்கு நானும்.

தாமிரக் கசடு கொட்டிய கருப்பு மேடு.
தக்காளிச் சாறு எங்கள் ரத்தம்.
எறும்புகள் அதை நம்பி வந்தன.
கசோன்டே கண்ணை மூடினான்.
நான் வழக்கம்போல அரைக்கண்.
கேமரா ஓடத் தொடங்கியது,
ஓடியது,
ஓடிக்கொண்டே இருந்தது.

‘கட்’ வரவில்லை.

முழங்கைக்கடியில் கசடு குத்துகிறது.
கன்னத்தில் ஈ.
நின்றவன் வாய் திறக்கவில்லை,
கிடந்தவன் எழுந்திருக்கவில்லை.
கேமராவே படுத்துவிடும் என்று முவிலா காத்திருந்தான்,
எனக்குத் தெரியும்.
அந்தப் பேட்டரிக்கு நான்கு நிமிடம்தான் ஆயுள்.
நான்கு போயிற்று. ஏழு போயிற்று.
சூரியன் சுரங்கக் கோபுரத்தின் பின்னால் போயிற்று.
பதினோராவது நிமிடம்
செத்தவள் நான் எழுந்து உட்கார்ந்து
“கட்!” என்று கத்தினேன்.

“ஷாட்டைக் கெடுத்துட்டியே!”
இரண்டு பேரும், ஒரே குரலில்.

முவிலா கேமராவைத் திருப்பினான்.
அடி மூடியைத் திறந்தான்.
புதுப் பேட்டரி.
அதன்மேல் ஒட்டிய விலைச்சீட்டைக்கூட
யாரும் கிழிக்கவில்லை.
ரொம்ப நேரம் அதையே பார்த்தான்.
கசோன்டே சட்டையிலிருந்து
எறும்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தான்,
எண்ணுகிறவன் மாதிரி.

சமாதானம் என்று சொல்ல மாட்டேன்.
இன்றைக்கும் பணம் வந்தால்
என் கையில் கொடுத்துத்தான் எண்ணச் சொல்கிறார்கள்.
ஆனால் அன்று இரவு ஒரு மணிக்கு விளக்கு வந்ததும்
அந்தப் பதினோரு நிமிடத்தைப் போட்டுக் கேட்டோம்.
காற்று. தூரத்தில் ரயில்.
அதற்கடியில்
செத்த அண்ணன் மூச்சை அடக்கி அடக்கி
மூக்கு வழியாகத் தவறவிடும் சத்தம்.
முவிலா அதில் ஒரு துண்டை வெட்டினான்,
சுற்றவிட்டான்,
வேகத்தைக் கொஞ்சம் குறைத்தான்.
கசோன்டே மெத்தையைச் சுவரோடு நிறுத்தினான்.

அந்தப் பாட்டை இதுவரை
இருநூற்றுப் பதினான்கு பேர் கேட்டிருக்கிறார்கள்.
அதில் முப்பது நான்.
முடிவில் ஒரு பெண் குரல் ‘கட்’ என்கிறது.
ஐந்து முறை செத்து
எனக்குக் கிடைத்த முதல் வசனம்.
பட்டியலில் பெயரும் உண்டு.
இந்த முறை ‘ஸ்’ மூன்று.