உறைபெட்டியிலிருந்து ஒரு பை

ஆகஸ்டில் கைனூ காட்டுக்கு
இருட்டு தாமதமாக வரும்.
வந்தாலும் முழுதாக வராது.
பத்து மணிக்கு வேன்கள் திரும்புகின்றன.
முதலில் வாளிகள் இறங்கும்,
பிறகு மனிதர்கள்.

ஹில்க்கா தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறாள்.
எழுபத்திரண்டு கிலோ.
புன்தோம், சய்யாபூம் மாகாணம், தாய்லாந்து.
கையெழுத்துப் போடு என்று பேனாவை நீட்டுகிறாள்.
இடது கையால் வாங்குகிறான்.

வலது மணிக்கட்டு
தோலுக்கு அடியில் எலுமிச்சை ஒளித்ததுபோல் இருக்கிறது.
ஆறு வாரம்.
பல் வைத்த பெட்டியால் செடியைச் சீவிச் சீவி எடுத்தது
நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை என்று
யாரும் எண்ணவில்லை.
கிலோவுக்குத்தான் கணக்கு.

முஸ்திக்கா என்று பெயர்.
கடைகளில் டப்பாவில் வரும்
உள்ளே வெளுத்த பெரிய அவுரிப்பழத்தை
இது உறவென்று ஒப்புக்கொள்ளாது.
இதற்கு உள்ளும் கருநீலம்.
விரலில் பட்டால் மூன்று நாள்.
நாக்கில் பட்டால்
நாவற்பழம் தின்ற பிள்ளைபோலப்
பொய் சொல்லித் தப்ப முடியாது.

அந்தச் சாயத்துக்குத்தான் விலை.
அந்தோசயனின்:
உறங்கப் போகாத வடக்கு வெயிலில்
செடி தனக்குத் தைத்துக்கொண்ட சட்டை.

குவோபியோவில் ஹில்க்காவின் தங்கை மகள் இன்கெரி
கண்ணாடித் தட்டில் செல்களை வளர்த்து
வேண்டுமென்றே சீண்டுகிறாள்,
பாக்டீரியாவின் ஓட்டுத் துணுக்கால்.
செல்கள் கொதித்து எழுகின்றன,
ஆள்விட்டு ஊரைக் கூட்டுகின்றன.
பிறகு முஸ்திக்காச் சாறு, ஒரு சொட்டு.
கூச்சல் அடங்குகிறது
தட்டில்.

அந்தத் ‘தட்டில்’ என்ற சொல்லை
அவள் விடுவதே இல்லை.
உடம்பு தட்டு அல்ல.
வயிறு கொஞ்சம் சிதைக்கும், கல்லீரல் உருமாற்றும்,
சிறுநீரகம் வெளியே அனுப்ப அவசரப்படும்.
ஊர்வலமாகக் கிளம்பிய நூறு பேரில்
அதே முகத்தோடு ரத்தத்துக்குள் நுழைவது
ஒருவரோ இருவரோ.
மற்றவர்கள் குடலில் நுண்ணுயிர்களோடு பேச்சுவார்த்தையில்.
அங்கே என்ன முடிவாகிறது?
அடுத்த மானியம் வரட்டும், சொல்கிறேன் என்பாள்.

மாத்திரைக் குப்பியின் மேல் இதெல்லாம் இல்லை.
‘மூட்டுகளுக்கு’ என்று இருக்கிறது,
கடற்கரையில் ஓடும் நரைத்த தம்பதியின் படத்தோடு.

அழற்சி என்று எழுதினால்
நமக்கு அதற்குள் அழல் கேட்கிறது.
ஹில்க்காவின் மொழியிலும் அப்படித்தான்.
துலி என்றால் நெருப்பு.
துலெஹ்துஸ் என்றால்
இப்போது அவள் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்ட
இந்த மணிக்கட்டு.
புன்தோமிடம் ஒரே சொல் இருந்தது.
ஜெப்.
வலி.

உறைபெட்டியைத் திறக்கிறாள்.
போன வருடத்து முஸ்திக்கா, ஒரு கிலோப் பை.
பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றி
மணிக்கட்டில் வைத்துக் கட்டுகிறாள்.
கவிழ்த்த வாளிமேல் அவன் உட்கார்ந்திருக்கிறான்.
அந்த ஒரு கிலோவையும் அவன் கணக்கில் எழுதுங்கள்
என்கிறான் வரிசையில் நிற்கும் சோம்பட்.
எல்லோரும் சிரிக்கிறார்கள், புன்தோமும்.
துணியில் கருநீலம் இறங்குகிறது.
இருபது நிமிடத்தில் சூடு கொஞ்சம் தணிந்தாற்போல்.

“உன் முஸ்திக்கா வேலை செய்கிறது”
ஹில்க்கா தொலைபேசியில் சொல்கிறாள்.
“எத்தனை மில்லிகிராம்?”
“ஒரு கிலோ. வெளிப்புறமாக.”
“பெரியம்மா, அது பனிக்கட்டியின் வேலை.
உறைந்த பட்டாணியும் இதையே செய்யும்.”
சற்று நேரம் கழித்து இன்கெரி கேட்கிறாள்:
“யாருடைய கை?”

கட்டை அவிழ்த்து
இளகிய பழங்களில் நாலைந்தை
வாயில் போட்டுக்கொள்கிறான் புன்தோம்.
காட்டில் தின்றதில்லை.
தின்பது எடை குறைவது.
முகம் சுளிக்கிறான். புளிப்பு.

ஐந்து மணிக்கு வேன்.
படுக்கப் போகுமுன் சீவுபெட்டியை
இடது கையில் பிடித்து
காற்றில் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறான்.