லைட் போட்டவன் குறிப்பு

மண்டபம் பழைய ஐஸ் கம்பெனியில்
மூன்று நாள் ஓவியக் கண்காட்சி.
லைட் போட என்னைக் கூப்பிட்டார்கள்.
கல்யாணம், கந்தூரி, கட்சிக் கூட்டம்,
மாதா கோயில் சப்பரம் எல்லாம் பார்த்தவன்.
சுவருக்கு லைட் போடுவது இதுதான் முதல்.

"ஆளுக்கு இல்ல செய்யதண்ணே, படத்துக்கு"
என்றார் நிறைமதி.
கும்பகோணத்தில் படம் படித்தவர்.
நிழல் விழக் கூடாது,
கண்ணாடியில் பல்பு தெரியக் கூடாது,
சூடு படக் கூடாது.
புது மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை நிபந்தனை இல்லை.

உள்ளே இன்னும் அமோனியா வாசம்.
ஐஸ் பார் வார்த்த தொட்டிகளை மூடாமல்
பாசி எடுக்கும் பெண்களின் கைகளை மட்டும் வரைந்து
அடியில் படுக்க வைத்திருந்தார்,
விரலுக்கு விரல் துணி சுற்றிய கைகள்.
குனிந்தால்தான் தெரியும்.
அவர்களும் குனிந்துதானே எடுக்கிறார்கள் என்று
ஏணியில் நிற்கும்போது எனக்குப் பட்டது.
யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்து அறையில் கடல், வீடியோவில்.
நூறடி தள்ளி நிஜக் கடல்.
அதற்கும் டிக்கெட் இல்லை, இதற்கும் இல்லை.
இதற்கு மட்டும் பெஞ்சு போட்டிருந்தார்கள்.

கடைசிச் சுவரில் பலகைகள்.
அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு போய்
திரும்பி வராத படகுகளின் நம்பர்கள்.
நீலத்தில் வெள்ளை எழுத்து, மொத்தம் நாற்பத்தொன்று.
அவ்வளவுக்கும் சேர்த்து நான் கொடுத்தது
ஒரே ஒரு டியூப் லைட்.
பட்ஜெட் அப்படி.

முதல் நாள் குத்துவிளக்கு, பொன்னாடை,
இரண்டு பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.
கருத்து நோட்டில்
"அருமை" என்று பதினேழு பேர்.
"ஏசி இருந்தால் நலம்" என்று ஒருவர்.

இரண்டாம் நாள் பொழுது சாய
கச்சான் வேகம் பிடித்தது. கரண்ட் போயிற்று.
வீடியோக் கடல் நின்ற இடத்தில்
வெளிக்கடல் கேட்டது.
ஜெனரேட்டருக்கு ஓடினேன். டீசல் இல்லை.
டீசல் என் பொறுப்பு இல்லை,
இதையும் எழுதி வைக்கிறேன்.

திரும்பி வந்து பார்த்தால்
ஆளுக்கொரு செல்போன் டார்ச்.
இரண்டு நாள் ஏணியில் நின்று
நான் பங்கு பிரித்த வெளிச்சத்தை
அவரவர் கையில் எடுத்துக்கொண்டார்கள்.
வாசலில் நாலு ஃபோகஸ் வாங்கிய பாம்பன் பாலம்
இருட்டில் கிடந்தது, சீந்துவாரில்லை.
வெளிச்சமெல்லாம் கடைசிச் சுவரில்,
பலகை பலகையாக நகர்ந்து,
ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகத் தேடுவது போல.

ஒரு டார்ச் மட்டும் நகரவில்லை.
தங்கச்சிமடம் நம்புச்செல்வி.
"கடைசி நம்பர் ஒண்ணு. ஏழு போட்டிருக்கீங்க."
அழவில்லை.
ரேஷன் கார்டில் பெயர்ப்பிழை சொல்லும் குரல்.

நிறைமதி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.
"அது கிடக்கட்டும், பெயிண்ட் இருக்கா?"
இருந்தது.
டார்ச்சை நான் பிடித்தேன்.
ஏழின் தலையை நீலத்தால் மூடி
சாய்ந்த காலை நிமிர்த்தினார்.
வெள்ளை கொஞ்சம் வழிந்தது.
துடைக்கப் போன நிறைமதியை விடவில்லை.

பிறகு போனில் ஒரு போட்டோ.
மீன்துறை ஆபீசில் படகுப் போட்டோ கேட்கிறார்களாம்,
நாலு வருஷமாக.
இருந்த ஒன்றும் படகோடு போயிற்றாம்,
மேடைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சாமிப் படத்துக்குப் பின்னால்.
"இது ஆகுமாண்ணே?" என்றார் என்னிடம்.
எனக்கு என்ன தெரியும்?
"கொஞ்சம் தள்ளி நில்லும்மா, நிழல் விழுது" என்றேன்.

ஏழே முக்காலுக்குக் கரண்ட் வந்தது.
பாலத்திலிருந்து இரண்டு ஃபோகஸைக் கழற்றிக்
கடைசிச் சுவருக்குக் கொண்டுபோனேன்.
நிறைமதி பார்த்தார்.
ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

நாளைக்கும் உண்டு, காலை பத்து முதல் இரவு எட்டு வரை.
ரயில்வே கேட் தாண்டி இடது கைப் பக்கம்.
டீசல் வாங்கியாயிற்று.
கடைசிச் சுவரில் ஒரு பலகை மட்டும் ஈரம்.
கையை வைத்துவிடாதீர்கள்.