உப்புப் பார்த்தல்

கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதினது
இருநூற்றுப் பன்னிரண்டு.
கட்டாரிலிருந்து மகன் அனுப்பினது
போனுக்குள் ஒரு வட்டம்.
இரவு எட்டுக்கு வாயைப் பூட்டு,
பகல் பன்னிரண்டுக்குத் திற,
இடையில் தண்ணி, சீனியில்லாத பிளேன்ரீ.
டொக்டரும் தலையாட்டினார்,
குளிசையில் பாதியைக் குறைத்தார்.
எனக்கு விடிவது மூன்றரைக்கென்று
வட்டத்துக்கு யார் சொல்வது?

கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
என் இடியப்பக் கடை.
ஐந்து மணிக்கே ஆட்கள்:
கடலால் கரையேறினவர்கள்,
நைட் டியூட்டி முடிந்த தாதிப் பிள்ளைகள்,
முதல் பஸ்ஸுக்கு ஓடுகிற ஒரு மாஸ்டர்.
மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும்.
ஆவியும் கணக்கில் வருமோ தெரியாது.

முதல் கிழமை பசி
அடுப்படியில் நின்ற பூனை.
விரட்டினால் போய் மறுபக்கத்தால் வரும்.
இரண்டாம் கிழமை
அதுவே படுத்துக்கொண்டது.

கரைச்சல் சொதியில்தான் வந்தது.
பதினாலு வருஷம் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு
நக்கிப் பார்த்து இறக்கினவள்,
இப்போது கண்ணால் உப்புப் போடுகிறேன்.
"அக்கா, இது சொதியா கடலா?" என்றான் ஒருத்தன்.
அடுத்த நாள் கையை இறுக்கிவிட்டேன்.
மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை,
உப்பு மட்டும் கேட்டு வாங்கினார்.
அதுதான் சுட்டது.

பார்சலுக்கு நின்ற காத்தான்குடி ஓட்டோக்காரர்
றபாய்தீன் சிரித்தார்.
"நோன்பில எங்கட வீட்டில
நுனிநாக்கில வச்சுப் பார்த்துத் துப்பிருவாங்க.
விழுங்கினாத்தான் முறியும்.
படைச்சவன் விட்டுத் தாறத
உங்கட போன் விடாதாமா?"

கந்தசஷ்டிக்கு ஆறு நாள் இருந்தவள் நான்.
அந்தப் பசியை முருகன் பார்த்துக்கொண்டான்.
இதில் கும்பிட ஆளில்லை,
என் இரத்தத்துக்காக நானே பிடிக்கிற விரதம்.
சொல்ல ஒரு மாதிரி வெட்கம்.

மற்ற நாள் விடிய,
கடைக்குப் பின்னால்,
ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன்.
தேங்காய்ப்பால். வெந்தயம்.
பச்சைமிளகாயின் காம்போரக் கசப்பு.
இன்னும் பிழியாத தேசிக்காய்க்கு
நாக்கு விட்டுவைத்த இடம்.
இவ்வளவும் இருந்ததா இதற்குள்?
நான் இத்தனை நாளும் உப்பை மட்டுமா பார்த்தேன்?

துப்பினேன்.
மனமில்லாமல்தான்.

மாஸ்டர் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.
சொதி இரண்டாம் தரம் கேட்டார்.

பன்னிரண்டுக்குப் போன் கிணுங்கும்.
தட்டில் ஒட்டின உடைசல் நாலைந்து, அடிச்சொதி.
கதிரையை இழுத்துப் போட்டு
இருந்து தின்கிறேன்.
"இன்று எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டு
வட்டம் ஐந்து முகம் காட்டுகிறது,
அழுகிறதிலிருந்து சிரிக்கிறது வரைக்கும்.
உப்பு சரி என்று எழுத
அதில் இடமில்லை.